அல்டோ வரி நழுவினால்

நிற்கும் இடத்தை மாற்றுங்கள். முதலில் அது போதும். வீட்டில் அல்டோ வரி, அதாவது பெண்களின் தாழ்ந்த குரலுக்குரிய வரி, சரியாக வருகிறது, பாடகர் குழு ஒத்திகையில் மட்டும் பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ மெட்டுக்கு இழுபட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொப்ரானோக்களை ஒட்டிய ஓரத்தை விட்டு, வரி உறுதியாகத் தெரிந்த இரண்டு அல்டோக்களுக்கு நடுவே நில்லுங்கள்.

குரலில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. காதின் பழக்கம்தான். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடித்தான் நாம் வளர்கிறோம். நான்கு குரல் சேரும்போது மேலே கேட்பதையே காது பாட்டு என்று எடுத்துக்கொள்கிறது.

ஒரு சோதனை. சொப்ரானோ வரியைக் கைத்தொலைபேசியில் பதிந்து, மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு உங்கள் வரியைப் பாடுங்கள். சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளே கேட்கும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை வாவியில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து நீருக்கடியில் எழும் மீன்பாட்டு என்ற ஒலியைக் கேட்பார்களே, ஏறக்குறைய அதே வித்தை. தடுமாறாவிட்டால் சத்தத்தைக் கூட்டுங்கள், பிறகு விரலை எடுத்துவிடுங்கள். நழுவும் இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரங்கள்தான். எனக்கு அது ஒவ்வோர் அடியின் முதல் சுரம். அந்த இடத்தை மட்டும் பத்துப் பத்துத் தடவை பாடினேன். இரண்டு குரல்களும் உரசாமல் பொருந்திய அன்று, ஒத்திகை முடிந்தும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஆனால் கீழ்ச் சுரங்களில் மட்டும் நழுவி, குரல் வெறும் காற்றாகிப் போனால் இந்தப் பயிற்சி உதவாது. உங்களுடையது சொப்ரானோ குரலாகவே இருக்கலாம். பயிற்றுவிப்பவரிடம் சொல்லிக் கீபோட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள்.