மறதி நோய் வந்த மனைவியையும் பார்த்துக்கொண்டு, நம்மையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மனைவிக்கு டிமென்ஷியா என்று போன வருஷம் சொல்லிவிட்டார்கள், ஒரு நிமிஷம்கூட விட்டு நகர முடியவில்லை, கோபம் வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சார், நான் வேலூர் தோட்டப்பாளையம். எனக்கு 70 வயது, என் மனைவிக்கு இந்த நோய் வந்து இது ஆறாவது வருஷம்.

அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தை ஆரம்பித்தபோதே வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் முதல் தடவை "நாம இருக்கறது எந்த மாவட்டம்மா?" என்று கேட்டதும் பட்டென்று "வட ஆற்காடு" என்றாள். அந்த மாவட்டம் 1989-லேயே பிரிந்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்தாள். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார்கள், அவற்றில் குறை இருந்தாலும் மறதி வருமாம், மருந்திலேயே சரியாகலாமாம். எங்களுக்கு அப்படி இல்லை, அல்சைமர் என்கிற, மூளை செல்கள் மெல்ல மெல்ல அழிகிற வகை. மாத்திரை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும், குணமாக்காது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டு வருஷம் நான் செய்த பெரிய தப்பு, யாரிடமும் சொல்லாமல் மூடி மறைத்தது. "புத்தி பேதலிச்சிடுச்சாம்" என்று தெருவில் பேசுவார்களே என்று பயம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாளைத் திறந்து போய்விட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, முனையில் பூ விற்கும் அம்மாதான் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் கொஞ்சம் பூவும் நாரும் கொடுத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். அன்றைக்கே அயர்ன் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எதிர்வீடு எல்லாருக்கும் சொன்னேன். ஜாக்கெட் உள்பக்கம் என் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்தேன். யாரும் சிரிக்கவில்லை சார். எதிர்வீட்டு மருமகள் தானாகவே வந்து, "காலையில ஒரு மணி நேரம் நான் உக்காந்துக்கறேன், நீங்க நடந்துட்டு வாங்கப்பா" என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கோட்டை அகழி ஓரமாக நடக்கிறேன். முதல் வாரம் மனசு வீட்டிலேயே இருந்தது. போகப் போகத்தான் தூக்கமே வர ஆரம்பித்தது.

சாயங்காலம்தான் கஷ்டம். பொழுது சாயும்போது இந்த நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடும். என் மனைவி "பிள்ளைங்க பசியோட இருக்கும், பருப்பு வேகணும், விடுங்க" என்று வாசலுக்கு ஓடுவாள். ரிட்டயர் ஆகிவிட்டாய் என்று விளக்கிப் பார்த்தேன், சண்டையில்தான் முடிந்தது. ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். 43 வருஷம் குடும்பம் நடத்தியவளை. அன்று ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். டெலிமானஸ் என்று அரசு நடத்துகிற இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவளுக்காகப் போன் செய்தேன், பேசியது முழுக்க என்னைப் பற்றித்தான். பேசுங்கள் சார், வெட்கப்படாதீர்கள்.

இப்போதெல்லாம் ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டுவிடுவேன். முறத்தில் அரைப்படி துவரம்பருப்பைக் கொட்டி, "டீச்சர், கல்லு பாத்துக் குடுங்க" என்பேன். பெயர்கூடச் சில நாள் வராது, அந்தக் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. முறத்தை லேசாகச் சாய்த்து, ஆள்காட்டி விரலால் நான்கு நான்கு பருப்பாகத் தள்ளி, சொத்தையைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை ஊதிவிடுவாள். அரை மணி நேரம் போகும். தினமும் அதே பருப்புதான்.

இன்னொன்று, திடீரென்று இரண்டே நாளில் ரொம்ப மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். போன மே மாதம் இந்த ஊர் வெயிலில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல், இல்லாத ஆட்களோடெல்லாம் பேச ஆரம்பித்தாள். பார்த்தால் சிறுநீரில் கிருமி. மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அவள் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துவிட்டு என்னுடையதை மறந்து மறந்து, ஒரு நாள் தலை சுற்றி அடுப்படியில் விழுந்தேன். சுகர் 340. நான் கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து என் வேட்டியை மடித்துக்கொண்டே இருந்தாள், கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேர் மாத்திரையும் ஒரே டப்பாவில்தான், அவளுக்கு எடுக்கும்போதே எனக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற அம்மா வீட்டிலேயே பிரஷர், சுகர் பார்த்துவிடுகிறார். ஓசூரில் இருக்கும் மகனிடம் "முடிஞ்சப்ப வாப்பா" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, மாதத்தில் இரண்டாம் சனி, ஞாயிறு உன் முறை என்று தேதி போட்டுச் சொன்னேன். வருகிறான். அந்த ஒரு ராத்திரி அணைக்கட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய், முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பில் சாப்பிட்டுவிட்டு விடிய விடியத் தூங்குவேன்.

உங்கள் கேள்வியில் மனைவியைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குச் சுகர், பிரஷர் இருக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?