மாப்பிள்ளை வாட்சை அடகுக் கடையில் எடுப்பார்களா?

கேள்வி: தை மாசம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இரண்டரை லட்சத்தில் ஒரு சுவிஸ் வாட்ச் எடுக்கலாம், சிங்கப்பூரிலிருந்து தானே வாங்கி வருகிறேன் என்கிறார் என் மைத்துனர். "தங்கம் மாதிரி, விலை ஏறிக்கொண்டே போகும்" என்கிறார். அதைக் கேட்டுவிட்டு என் மகன் ஒன்றரை லட்சத்துக்கு கார்பன் சைக்கிள் கேட்கிறான். அதையும் நல்ல விலைக்கு விற்கலாமாம். மனை விற்ற பணம் இது. போட்டால் நிற்குமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மைத்துனர் சொல்வது முழுப் பொய் இல்லை. ரோலக்ஸ் டேடோனா, படேக் ஃபிலிப் நாட்டிலஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள், கடை விலையைவிட அதிகத்துக்குக் கைமாறியது உண்மைதான். ஆனால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாலும் அவை லேசில் கிடைப்பதில்லை. இரண்டரை லட்சத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. அந்தச் சந்தையும் ஒரேயடியாக ஏறிக்கொண்டிருக்கவில்லை. 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போன விலைகள் அந்த வருஷமே சறுக்கின.

உங்கள் தொகைக்குக் கிடைக்கும் லான்ஜின், ராடோ, டாக் ஹோயர் எல்லாம் நல்ல வாட்ச்கள். ஆனால் கடைப் படி இறங்கும்போதே விலையும் இறங்கிவிடும். நகைக்கும் செய்கூலி, சேதாரம் போகும். இருந்தாலும் எடைக்கு உள்ள விலை நிற்கும். ஸ்டீல் வாட்சில் எடை போட என்ன இருக்கிறது? உங்கள் ஊர் அடகுக் கடையில் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். சம்பா நடவுச் செலவுக்குச் செயினைக் கொண்டுபோனால் அன்றைக்கே பணம். வாட்சை நீட்டினால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விற்க வேண்டுமென்றால் சென்னை, பெங்களூரு என்று அலைய வேண்டும், அவர்கள் சொன்னதுதான் விலை.

மாப்பிள்ளை கட்டிக்கொள்ளட்டும் என்று வாங்கினால், தாராளமாக வாங்குங்கள். பெட்டி, வாரன்டி கார்டு, பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கீறலை எடுக்கிறேன் என்று பாலீஷ் போட வேண்டாம். மைத்துனர் கையில் கட்டிக்கொண்டு திருச்சியில் இறங்கினாலும் புது வாட்சுக்குச் சுங்க வரி உண்டு. வரி கட்டிய ரசீது இல்லாவிட்டால் பின்னால் விற்கும்போது அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள்.

என் அப்பாவிடம் ஒரு எச்எம்டி ஜனதா இருந்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016-இல் முடிவானது. இன்றைக்கு அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா அதை ரயிலுக்கு நேரம் பார்க்கத்தான் வாங்கினார். (ஆசைப்பட்டு இப்போது ஆன்லைனில் தேடாதீர்கள். பளபளவென்று இருக்கும் பழைய எச்எம்டிகளில் பல, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவை.)

அப்புறம் சைக்கிள். அதில் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொரோனா காலத்தில் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து பழசுக்கும் கிராக்கி இருந்தது, அது போய்விட்டது. 2025 செப்டம்பரில் சைக்கிள் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. புதுசு விலை குறைந்தால் பழசு இன்னும் கீழே போகத்தானே செய்யும்? கார்பன் ஃபிரேமுக்கு வேறொரு வில்லங்கமும் உண்டு. கீழே விழுந்து உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. அதனால் இரண்டாம் கையாக வாங்குகிறவர் பயந்து விலையை அடிப்பார். ஃபிரேம் வாரன்டியும் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

ஆற்றங்கரைச் சாலையில் காலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் மிதிக்க அலுமினிய சைக்கிள் போதும். ஒரு வருஷம் ஓட்டி அலுத்துப்போனவர்கள் திருச்சியில் பாதி விலைக்குக்கூடத் தள்ளிவிடுவார்கள். முதல் நஷ்டம் அவர்களோடு போகட்டும். ஒன்று மட்டும், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபிரேம் அளவு அவன் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.