பெண்களுக்குத் தொழில் முதல் கொடுத்தால் இலாபம் வராதா?

பெண்கள் நடத்தும் சிறுதொழிலுக்குக் காசு கொடுத்தாலும் இலாபம் கூடாது என்று இலங்கை ஆய்வே காட்டிவிட்டதாம், அப்படியானால் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வைத்து ஆய்வு செய்வதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு உண்மைதான். நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற வேறு இரு பொருளியலாளர்களும் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு அது. 1,00,000 ரூபாய்க்கு மேற்படாத மூலதனத்தில் தொழில் செய்தவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய், காசாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். அந்த முதலீடு சராசரியாக மாதம் 5 வீதமளவில் வருமானம் தந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால் கூடியதெல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் பக்கம் ஒன்றும் ஏறவில்லை.

சரி, அந்தக் காசு எங்கே போனது?

என் அம்மாவைச் சொல்கிறேன். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து பறித்துவிட்டு வந்து, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தையல் மெஷினைப் போட்டுத் தைப்பார். தீபாவளி மாதம் என்றால் இரவு பதினொரு மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கும். ஒரு வருடம் சீட்டு எடுத்து, துணி வாங்கி வைத்து விற்கப்போவதாகச் சொன்னார். அந்த வாரமே அப்பாவின் ஓட்டோ நின்றுவிட்டது. துணி அடுத்த மாதமும் வாங்கலாம். தவணை கட்டாவிட்டால் லீசிங்காரர் வண்டியைத் தூக்கிவிடுவார். சீட்டுக்காசு முழுவதும் எஞ்சினுக்குப் போனது. அம்மாவின் கொப்பியில் அந்த வருடம் இலாபம் கூடவில்லை. ஓட்டோ ஓடியது, நான் டியூஷன் போனேன். அம்மா அந்தத் துணியைக் கடைசிவரை வாங்கவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்.

2019இல் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலான பொருளியலாளர்கள் இந்தியா, கானா தரவுகளோடு இந்த இலங்கைத் தரவையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் ஒருவர்தான் என்றால் இலாபம் நன்றாகவே கூடியிருந்தது. வேறொருவரும் தொழில் செய்த வீடுகளில்தான் அவருடைய கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. குடும்ப வருமானம் அங்கேயும் கூடியிருந்தது.

அதனால் ஆய்வைக் கட்டாயம் செய்யுங்கள். வினாக்கொத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் வேறு யார் தொழில் செய்கிறார்கள், உங்கள் காசில் எவ்வளவு அங்கே போனது? கணவர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரம் நல்லது.