லோன் ஒப்பந்தத்தில் ‘ஆர்பிட்ரேஷன்’ (தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவர் தீர்ப்பது) என்று இருந்தால் கோர்ட்டுக்குப் போகவே முடியாதா?

அப்படி இல்லை. ஆனால் வண்டிக் கடன் தகராறில் நீங்கள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால், ஃபைனான்ஸ் கம்பெனி தன் முதல் பதிலுரையோடோ அதற்கு முன்போ அந்த ஷரத்தைக் காட்டி, விஷயத்தை நடுவரிடம் அனுப்பச் சொல்லலாம். 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அது. கோர்ட்டும் பெரும்பாலும் அனுப்பிவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது நடுவரை யார் நியமிக்கிறார்கள் என்பதைத்தான். ‘கம்பெனி நியமிப்பவரே ஒரே நடுவர்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முடிவில் அக்கறை உள்ள தரப்பே தனியாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புங்கள். ‘ஆட்சேபம் இல்லை’ என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது இன்னும் மோசம். நீங்கள் இல்லாமலே விசாரணை முடிந்து தீர்ப்பு வந்துவிடும், அதைக் கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றலாம்.

அதை எதிர்க்க 34-ஆவது பிரிவில் மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான். அதுவும் முழு அப்பீல் இல்லை. சாட்சியத்தைக் கோர்ட் மறுபடி அலசாது.

ஆர்பிட்ரேஷனில் வேகம் உண்டு, சரி. அப்புறம் நடுவர் ஃபீஸும் உண்டே! சேவைக் குறைபாடுதான் பிரச்சினை என்றால் நான் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகச் சொல்வேன். ஆர்பிட்ரேஷன் ஷரத்து அதற்குத் தடையில்லை.