பழங்கால நாடக உடைகளைத் தைக்கக் கற்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இரவிக்கை தைத்துப் பழகிய நீங்கள், ஐரோப்பிய வரலாற்று நாடகங்களுக்கு உடை தைக்க விரும்புவதாகவும், எல்லாவற்றையும் கையால்தான் தைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நாடக உடைகள் தைக்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே அணிவதிலிருந்து தொடங்குங்கள்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்கள் கவுனுக்குள் லினன் உள்ளங்கியும், அதன்மேல் ‘ஸ்டேஸ்’ எனப்பட்ட விறைப்பான கச்சும் அணிந்தார்கள். லினனை அடுக்கி, வரிவரியாகத் தைத்து, அந்த வரிகளுக்கிடையே திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகடுகளைக் கீறிச் செருகுவார்கள். இப்போது அதற்கு நெகிழிப் பட்டைகள் கிடைக்கின்றன. முதுகில் கயிறு கோக்கும் துளைகளுக்கு அன்று உலோக வளையம் இல்லாததால், இழைகளை அறுக்காமல் குத்தூசியால் விலக்கி, ஓரத்தை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். கைக்காஜா எடுத்துப் பழகியிருப்பீர்கள் என்பதால் இது உங்களுக்கு விரைவில் வசப்படும். நூலுக்குத் தேன்மெழுகு தடவிக்கொண்டால் சிக்கு விழாது.

1770களில் நிகழும் ஒரு நாடகத்துக்கு நான் தைத்தபோது, பார்வையாளருக்குத் தெரியாத கச்சுக்கு எதற்குச் செலவு என்று தயாரிப்புத் தரப்பினர் மறுத்தார்கள். நான் விடவில்லை. அதே பட்டுக் கவுனை நடிகைக்குக் கச்சில்லாமல் ஒரு முறையும் கச்சோடு ஒரு முறையும் அணிவித்துக் காட்டினேன். முதலில் இடுப்பில் சுருக்கம் விழுந்த துணி, ஒரு தையலைக்கூட மாற்றாமலே மார்பின்மீது மடிப்பின்றிப் படிந்தது. தோள்கள் பின்வாங்க, அவர் முதுகை வளைக்காமல் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து பேசத் தொடங்கினார். ஒத்திகை முழுவதும் கச்சோடே நடக்க வேண்டும் என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டார்.

இயந்திரத்தைத் தொடவே கூடாது என்பவர்கள் என்மீது கோபப்படக்கூடும். தையல் இயந்திரம் 1850களுக்குப் பிறகே பரவியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மேடை உடை பல இரவுகள் உழைக்க வேண்டும், அடுத்த நடிகருக்காகப் பிரித்துத் தைக்கப்படவும் வேண்டும். ஆகவே உள்தையல்களை இயந்திரத்தில் ஓட்டி, தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டு, கண்ணில் படும் ஓரங்களைக் கையால் முடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அன்று குண்டூசி குத்தி மூடிய கவுனின் முன்புறத்துக்கு நான் கொக்கிதான் வைக்கிறேன். விட்டுக்கொடுக்கக் கூடாதது வெட்டு. எஞ்சியுள்ள பழைய ஆடைகளை அளந்து ஆடை வரலாற்றாளர் ஜேனட் ஆர்னால்டு வரைந்த வெட்டுப் படங்களைப் பார்த்து, முதலில் காடாத் துணியில் வெட்டிப் பழகுங்கள்.

அந்த நாடகத்தின் கையேட்டில் வடிவமைப்பாளர் பெயர் இருந்தது. தைத்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே உங்கள் பெயர் அச்சிடப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.