வேற இடத்துல சேத்தா மட்டும் புள்ள தேறிருமா?

வணக்கம் டீச்சர். எம் மகனுக்கு 16 வயசு. பத்தாவதுல கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ் மூணுலயும் போச்சு. ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவங்க அப்பா ட்யூட்டோரியல்ல போடுங்குறாரு, எங்கண்ணன் ஓப்பன் ஸ்கூல்ல சேருங்குறாரு. எது சரியா வரும்?
– ஒரு அம்மா, பள்ளத்தூர்

எங்க சேக்குறதுங்குறத ஒரு வாரம் தள்ளி வைங்கம்மா, முதல்ல அவன் எங்க நிக்கிறான்னு பாருங்க. ரெண்டாம் வகுப்பு தமிழ் புத்தகத்துலேருந்து ஒரு கதைய சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, இங்கிலீஷ்லயும் அதே மாதிரி, அப்புறம் 52லேருந்து 27அ கழிக்கச் சொல்லுங்க, 864அ 6ஆல வகுக்கச் சொல்லுங்க. வையாம, பக்கத்துல உக்காந்து கேளுங்க. நான் 31 வருஷம் சாக்பீஸ் பிடிச்சவ, பத்தாவது கணக்குல போன பசங்கள்ல நெறைய பேரு சிக்கிக்கிட்டது பத்தாவதுல இல்ல, நாலாவதுல, வகுத்தல்ல. எட்டாவது வரைக்கும் ஃபெயில் போடுறதில்லங்குறது நல்ல விஷயம்தான், ஆனா நடுவுல விட்டுப்போனத யாரும் அடைக்கலைன்னா அந்த ஓட்டையும் கூடவே பத்தாவது வரைக்கும் வந்துரும்.

நானே இதுல தப்பு பண்ணிருக்கேன். பின்தங்குன பசங்களுக்குன்னு ஒரு வருஷம் பூரா சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சேன், காலைல நடத்துன அதே இயற்கணிதத்த சாயங்காலம் இன்னொரு தடவ மெதுவா நடத்துனேன், ஒருத்தன்கூட தேறல. வகுத்தலே வராத பையனுக்கு காரணிப்படுத்துறத ரெண்டு தடவ சொன்னா என்ன வரும்? அந்தப் பசங்க மொகம் இன்னும் எனக்கு உறுத்துது.

மும்பைலயும் வதோதராலயும் 2001லேருந்து 2003 வரைக்கும் பிரதம்ங்குற கல்வித் தொண்டு அமைப்பு ஒண்ணு பண்ணாங்க. அந்தந்த ஏரியா பொண்ணுங்களையே, பள்ளிப்படிப்பு முடிச்சவங்கள எடுத்து, பின்தங்குன புள்ளைகள தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வச்சு அடிப்படைய மட்டும் சொல்லிக்குடுக்க விட்டாங்க. 2019ல பொருளாதார நோபல் வாங்குன அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எல்லாம் அத ஆராய்ச்சி பண்ணவங்க, புள்ளைகளுக்கு மார்க் நல்லாவே ஏறிருக்கு. பெரிய படிப்பு படிச்ச வாத்தியார் இல்ல, தனி பில்டிங் இல்ல. அதுக்கப்புறம் வேற மாநிலங்கள்ல வாத்தியார்களுக்கு ட்ரெய்னிங் மட்டும் குடுத்து, வழக்கமான பாடத்தையே நடத்த விட்டப்ப ஒண்ணும் பெருசா மாறல, வகுப்ப பாக்காம தெரிஞ்ச அளவ பாத்து புள்ளைகள பிரிச்சு, அதுக்குன்னு தனி நேரம் ஒதுக்குனப்பதான் மாறுச்சு.

அதனால ட்யூட்டோரியலோ எதுவோ, போயி இத கேளுங்க: எங்கேருந்து ஆரம்பிப்பீங்க, ஒரு ரூம்ல எத்தன பேரு, வருஷம் பூரா அதே ஆளுதான் சொல்லிக்குடுப்பாரா, எம் பையன் ரெண்டு நாளு வரலைன்னா வீட்டுக்கு போன் வருமா. கடைசிக் கேள்விக்கு முழிச்சாங்கன்னா அங்க சேக்காதீங்க. ஒருதடவ ஃபெயில் ஆன பையன் மறுபடியும் விட்டுட்டுப் போறது பாடம் கஷ்டம்னு மட்டும் இல்லம்மா, தான் வரலைன்னாலும் ஒருத்தரும் தேட மாட்டாங்கன்னு தோணிட்டா போயிருவான்.

ஓப்பன் ஸ்கூல்னா என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி, 1989ல மத்திய அரசு ஆரம்பிச்சது. 14 வயசு முடிஞ்சா பத்தாவதுக்கு சேரலாம், தமிழ்லயும் எழுதலாம், அஞ்சு பாடம், பாஸ் மார்க் 33, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒம்பது சான்ஸ். நல்ல வழிதான், ஆனா தானா படிக்கிற பழக்கம் வேணும், வீட்டுல புத்தகத்த குடுத்து விட்டா ஓடாது. கவர்மெண்ட் வேலைக்கு அந்த சர்டிஃபிகேட்ட எப்படி எடுத்துக்குறாங்கன்னும் சேரும்போதே விசாரிச்சுக்குங்க. உங்க பையனுக்கு மூணு பாடம்தான பாக்கி, அந்த மூண மட்டும் துணைத் தேர்வுல எழுதட்டுமே.

பட்டறைக்குப் போறேன்னு சொல்றத வெட்டி விடாதீங்க. லீவு நாள்ல போகட்டும், கண்ணாடி மேல அச்ச வச்சு கலர ஊத்துறது, சிமெண்டும் மணலும் என்ன அளவுல கலக்குறது, எத்தன நாளு தண்ணில போடுறது, எல்லாம் பாக்கட்டும். 20க்கு 15 அடி ஹாலுக்கு 10 இஞ்ச் கல்லு எத்தன வேணும்னு கேளுங்க. 24 வரிசை, வரிசைக்கு 18, மொத்தம் 432. இத போடத் தெரிஞ்சவனுக்கு பரப்பளவு வராதுன்னு நான் நம்ப மாட்டேன். அப்புறம் ஐடிஐ இருக்கு, வயர்மேன், வெல்டருக்கெல்லாம் எட்டாவது பாஸே போதும், ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்கு பத்தாவது வேணும். இத அவன்கிட்டயே சொல்லுங்க, எதுக்காக அந்த மூணு பாடத்த எழுதணும்னு அவனுக்கே புரியும்.

மக நாலாவது படிக்கிறா. வாய்ல கேட்டா எல்லாம் சொல்றா, வாசிக்க மட்டும் வரல, எழுத்த மாத்தி மாத்தி எழுதுறா. தனி ஸ்கூல்ல சேருங்கன்னு சொல்றாங்க, மனசு கேக்கல.
– ஒரு அப்பா, தேவகோட்டை

முதல்ல கண்ணு, காது ரெண்டையும் டெஸ்ட் பண்ணிருங்க தம்பி. அது சரியா இருந்தா டிஸ்லெக்ஸியாவான்னு, அதாவது வாசிக்க எழுத மட்டும் சிரமப்படுத்துற கற்றல் குறைபாடான்னு பாக்கணும். கல்வித் துறையோட வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, அங்க கூட்டிட்டுப் போங்க. 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேந்திருக்கு, சான்றிதழ் வாங்கிட்டா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்றத எழுத ஆளு எல்லாம் கேக்கலாம். தோழிகளோட இருக்குற புள்ளைய இப்பவே பிரிக்க வேணாம், தினம் அர மணி நேரம் தனியா சொல்லிக்குடுக்க ஒரு ஆளு கெடச்சா அவ ஸ்கூல்லயே இருக்கட்டும்.

டிகிரி முடிச்சிட்டு வீட்டுல இருக்கேன் டீச்சர். எங்க தெருவுல ரைஸ் மில்லு வேலைக்குப் போறவங்க புள்ளைகளுக்கு சாயங்காலம் சொல்லிக்குடுக்கலாம்னு ஆச. எப்படி ஆரம்பிக்க?
– ஒரு வாசகி, புதுவயல்

ஆரம்பிச்சிரும்மா. 2021ல தமிழ்நாடு அரசோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் வந்தப்ப உன்ன மாதிரி பொண்ணுங்கதான் திண்ணைலயும் கோயில் மண்டபத்துலயும் நடத்துனாங்க. வகுப்ப கேக்காத, தெரிஞ்சத பாத்து பிரிச்சு உக்கார வை, அரசுப் பள்ளிகள்ல எண்ணும் எழுத்தும் திட்டத்துல தெரிஞ்ச அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்ச மாதிரி. அஞ்சாவது பையன் எழுத்துக் கூட்டுறவனா இருந்தா சின்னப் புள்ளைகளோட உக்கார வெக்கப்படுவான், அவனுக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி வரச்சொல்லி தனியா பாரு. பத்துப் பதினஞ்சு பேருக்கு மேல சேக்காத. தினம் பேரு எழுது, வராதவன் வீட்டுக்கு அன்னைக்கே ஒரு எட்டு போய்ட்டு வா.