சாவா மூவாப் பேராடு

அன்புள்ள ஐயா,

நாங்கள் கல்லூரி முடித்து 25 ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளிவிழாவுக்காக எங்கள் செட் 18 லட்சம் சேர்த்திருக்கிறது. கல்லூரிக்கு ஒரு கருத்தரங்க அறை கட்டிக் கொடுப்பதாக முடிவு. கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் பொறிப்பதா வேண்டாமா என்று வாட்ஸப் குழுவில் பெரிய சண்டை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது என் கட்சி. போட்டால் எந்த வரிசையில் போடுவது என்பது தனித் தகராறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு, நன்கொடை கொடுத்தவர்களைப் பாராட்டினோமே என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு முன்னாள் மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிசைத் தகராறை முதலில் முடித்துவிடலாம்: அகர வரிசை. கடைசியில் வருகிறவர்கள் பெயர் வைத்த பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் கட்சி எனக்குப் பிடிக்கவில்லை. ‘என் பெயர் வேண்டாம்’ என்று ஒரு குழு முழுவதும் படிக்கும்படி எழுதுவதும் கல்வெட்டுதான். பெயர் போடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. நம் கோவில் சுவரெல்லாம் கொடுத்தவர் பெயர்தானே?

சில வாரங்களாக அந்தச் சுவர்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்குப் பதிலே எழுதியிருக்க மாட்டேன். தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் காலத்துக் கணக்கு: ஒரு நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு. ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால் அந்த மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! கணக்கு எழுதுகிறவர் கையிலிருந்து இப்படி ஒரு சொல் வந்திருக்கிறது.

ஹார்வர்டு இருக்கையும் இதே மந்தைதான். இலக்கு 60 லட்சம் டாலர். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் தந்தது. 2018இல் தொகை நிறைந்தது. அந்த மூலதனத்தில் கை வைக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட நிதியை முதலீட்டில் போட்டு, ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம்போல எடுத்துத்தான் பேராசிரியருக்குச் சம்பளம். ஒருவர் ஓய்வு பெறுவார், இன்னொருவர் வருவார். இருக்கைக்குப் பெயர்கூடக் கொடுத்தவர் யாருடையதும் இல்லை, ‘சங்கம்’ என்றுதான். கேம்பிரிட்ஜில் ஒரு கணிதப் பேராசிரியர் இருக்கைக்காக ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலத்துக்கு 1663இல் உயிலில் வழி செய்துவிட்டுப் போனார் ஹென்றி லூக்காஸ். அந்த இருக்கையில் நியூட்டன் இருந்தார். 300 ஆண்டு கழித்து ஹாக்கிங்கும் இருந்தார். குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது, பாருங்கள்.

நாம்? கட்டடம், கட்டடம், கட்டடம்! ரிப்பன் வெட்ட ஒரு வாசல் வேண்டுமே.

நான் படித்த கல்லூரியில் (எது என்று வேண்டாம்) பழைய மாணவர்கள் ஒரு கணினி அறை கட்டித் தந்தார்கள். திறப்பு விழாவில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவன் நான். வாசலில் கறுப்புக் கிரானைட்டில் பொன்னெழுத்தில் முப்பத்தொரு பெயர். ஆறு வருடம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனேன். அறை பூட்டியிருந்தது. யுபிஎஸ் பேட்டரி போய்விட்டதாம். மாற்ற எந்தத் தலைப்பிலும் பணம் இல்லையாம். சொன்னது அட்டெண்டர் அண்ணன். சொல்லிக்கொண்டே அந்தக் கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்து எழுத்தாக, பள்ளத்துக்குள் விரலை விட்டு. “அறையே ஓடல, இது எதுக்குண்ணே?” என்றேன். “பெரியவங்க பேரு இருக்குல்ல தம்பி, தூசி படியலாமா?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த முப்பத்தொரு பேரில் ஒருவராவது அவர் கையில் ஆண்டுக்கொரு பேட்டரிக் காசு வருகிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கலாம். அவ்வளவு படித்தவர்கள். அப்போது வந்த ஆத்திரம் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் திரும்ப வந்துவிட்டது, மன்னியுங்கள்.

18 லட்சத்தை வங்கியில் போட்டால் இன்றைய வட்டிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது. சில பிள்ளைகளுக்குக் கட்டணமாகும். அறை கட்டியே தீருவோம் என்றால் பத்தில் கட்டுங்கள், எட்டை ஆடாக விடுங்கள். கல்லில் பெயரை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். துடைக்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று குழுவில் கேட்டு எனக்கு எழுதுங்கள்.